ஜிக்சா பசில் மக்கர் செய்தால்: எங்கள் கேரம் பலகை வைத்தியங்கள்

எங்கள் வீட்டில் கேரம் ஆடி மூன்று வருஷம் ஆகிறது. பலகைக்கு மட்டும் ஓய்வே இல்லை. எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு ஜிக்சா பசில், அதாவது துண்டு துண்டாக வெட்டிய படத்தைத் திரும்பக் கோக்கும் விளையாட்டு, அதன் மேல் அரைகுறையாகக் கிடக்கும். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே “எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று கேட்பார்கள். அப்புறம் காப்பி வருவதற்குள் ஒரு துண்டை எடுத்து எங்காவது அமுக்கிப் பார்ப்பார்கள். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி அந்தக் காப்பி நேரத்தில் உண்டானவை.

வார்த்தைகளை முதலில் முடித்துக்கொள்வோம். துண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மூக்கு, உள்ளே வாங்கியிருப்பது குழி. நேர்கோடாக ஒரு பக்கம் இருந்தால் ஓரத் துண்டு. நாலு ஓரமும் சேர்ந்தது சட்டம். இவை எங்கள் வீட்டுப் பெயர்கள்தான், கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது.

இன்னொன்று. சிக்கிக்கொண்டால் எல்லோரும் குவியலைத்தான் கிளறுகிறார்கள். கோத்து முடித்த பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான், நாம் சந்தேகமே படாத இடத்தில் இருக்கும்.

சட்டம் மூடமாட்டேன் என்கிறது

நாலு மூலையும் கிடைத்துவிட்டது, ஓரமெல்லாம் கோத்தாயிற்று, கடைசியில் வலது பக்கம் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. உடனே “கம்பெனிக்காரன் ஒண்ணு குறைச்சுப் போட்டுட்டான்” என்று தீர்ப்பு வந்துவிடும். பொறுங்கள், எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் உள்ளே சரியாக 1000 இருக்க வேண்டும் என்பதில்லை. நெட்டுவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வரிசையாக வெட்டுவதால், நீளத்தில் 38, அகலத்தில் 27 என்று வைத்து 1026 துண்டாக வெட்டுவது சகஜம். 500 என்று எழுதிய பல பெட்டிகளில் 27-க்கு 19, அதாவது 513 இருக்கும். ஓரத் துண்டு எத்தனை என்று கண்டுபிடிக்க, நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்து நான்கைக் கழித்தால் போதும். 38-ம் 27-ம் 65, இரட்டித்தால் 130. மூலை நாலையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம் என்பதால் 4 போக 126.

இப்போது எதிரெதிர்ப் பக்கங்களை எண்ணுங்கள். மேலே 38, கீழே 37 என்றால் ஒரு ஓரத் துண்டு இன்னும் குவியலில்தான் இருக்கிறது. நேர்க்கோடு மூக்கோடு சேர்ந்து பார்க்கும்போது கண்ணை ஏமாற்றிவிடும். தலைகீழாகக் கிடந்தால் இன்னும் மோசம். எல்லாவற்றையும் படம் மேலே தெரியும்படி திருப்பிப் போடாமல் ஆரம்பித்திருந்தால் இந்த இடத்தில் அதற்கான அபராதத்தைக் கட்டுவீர்கள். மேலே 37, கீழே 39 என்றால் மேலே போக வேண்டிய ஒன்று கீழே உட்கார்ந்திருக்கிறது. வானமும் கடலும் ஒரே நீலமாக உள்ள படங்களில் இது நடக்கும்.

எண்ணிக்கை சரி, ஆனாலும் ஒரு நூல் அளவுக்கு இழுக்கிறது என்றால், ஓரத்திலேயே இரண்டு துண்டு இடம் மாறியிருக்கிறது. அதைத் தேடி நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்தை ஒட்டி உள்ளே இரண்டாவது வரிசையைக் கோக்க ஆரம்பியுங்கள். மாறிப்போன இடத்தில் உள்துண்டு சேராது, தானாகக் காட்டிக்கொடுக்கும். சட்டத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

வளைவும் நெளிவுமாக ஒழுங்கில்லாமல் வெட்டிய பசில்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அவற்றில் பொதுவாக இந்தக் கோளாறும் குறைவு.

சேர்ந்தது போலவே இருக்கிறது, பக்கத்துத் துண்டு மட்டும் ஏறவில்லை

இதற்கு வீட்டில் ‘பொய்ப் பொருத்தம்’ என்று பெயர். நல்ல பாம்பு மாதிரி சத்தமில்லாமல் இருந்து, ஒரு மணி நேரம் கழித்துக் கடிக்கும்.

காரணம் வெட்டும் விதத்தில் இருக்கிறது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், உலகப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் மேலேயே அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்றுக்கொடுக்க விற்றார். அதில் பிரான்ஸை எடுத்து ஸ்பெயின் இடத்தில் வைக்க முடியாது. இன்றைய அட்டை பசிலுக்கு அந்த யோகம் இல்லை. படம் ஒட்டிய அட்டையின் மேல் எஃகு அலகு பதித்த அச்சை வைத்து ஒரே அழுத்தில் வெட்டிவிடுகிறார்கள். அச்சுக்குப் படம் என்னவென்று தெரியாது. மலிவான அச்சாக இருந்தால் மூக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வளைவு. ஆகவே மூன்றாவது வரிசைத் துண்டு எட்டாவது வரிசையில் ஜம்மென்று உட்காரும்.

சோதனைகள் மூன்று. சந்தேகப்பட்ட இணைப்பின் மேல் நகத்தை ஓட்டுங்கள். சரியான ஜோடியில் நகம் லேசாக மட்டும் தடுக்கும், பொய் ஜோடியில் ஒரு பக்கம் மேடாகத் தட்டும். அடுத்து அந்த இரண்டை மட்டும் கழற்றி டியூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். மூக்கைச் சுற்றி மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தால் அது ஜோடி இல்லை. மூன்றாவது, எனக்குப் பிடித்தது: இரண்டையும் சேர்த்தபடியே குப்புறப் போடுங்கள். படம் இல்லாத பின்பக்கத்தில் கண் ஏமாற வழியில்லை, இடைவெளி கருப்புக்கோடாகத் தெரியும்.

போன வருஷம் ஒரு படகுத்துறைப் படத்தில் மூன்று நாள் திணறினோம். நானும் மகளும் தண்ணீர்ப் பகுதியில் காலியிடத்தையே முறைத்துக்கொண்டிருந்தோம். அம்மா வந்து பார்த்தார். தினமும் வாசலில் சிக்குக்கோலம் போடுகிறவர். கோலத்தில் இழை ஓரிடத்தில் தப்பினால் அங்கேயே தெரியாது, நாலு புள்ளி தள்ளித்தான் போய் முட்டும். “நீ நிக்கிற எடத்துல ஒண்ணுமில்லடா, வந்த வழியப் பாரு” என்று சொல்லிவிட்டு, முட்டிய இடத்திலிருந்து நாலு துண்டு தள்ளி ஒன்றைப் பெயர்த்தார். படகின் நிழலும் அலையின் நிழலும் ஒரே மாதிரி இருந்ததில் நாங்கள் மாற்றிப் போட்டிருந்தோம். அதை எடுத்தபின் பத்து நிமிஷத்தில் ஏழு துண்டு உட்கார்ந்தது. அன்றிலிருந்து முட்டிய இடத்தைச் சுற்றி நாலு துண்டு தூரத்துக்குள் உள்ளதையெல்லாம் குப்புறப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

எல்லாம் ஒரே நிறம், எதை எடுத்தாலும் ஒன்றுதான்

வானம், கடல், பனி ஆகியவற்றைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவார்கள். எங்களுக்கு வாய்த்தது மஞ்சள் சுவர். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் உள்ள பிரெஞ்சுக்கால வீடு ஒன்றின் முன் நின்று எடுத்த குடும்பப் படத்தை 500 துண்டாக அடித்து வாங்கியிருந்தோம். படத்தில் நிற்கும் நாங்கள் ஐந்து பேரும் ஒரு சாயந்திரத்தில் முடிந்துவிட்டோம். காகிதப்பூக் கொடிக்கு இன்னொரு சாயந்திரம். மிச்சம் இருந்ததெல்லாம் சுவர்.

நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பிடியுங்கள். வரிசையாக வெட்டிய பசிலில் உள்துண்டு ஆறே ஜாதிதான்: நாலு மூக்கு, மூன்று மூக்கு, எதிரெதிராக இரண்டு, பக்கத்துப் பக்கமாக இரண்டு, ஒரே மூக்கு, மூக்கே இல்லாதது. ஆறு தட்டு எடுத்துப் பிரியுங்கள். டிபன் தட்டு, பிஸ்கட் டப்பா மூடி எதுவானாலும் சரி. பிரித்தபின் காலியிடத்தைப் பார்த்து, “இங்கே எதிரெதிர் மூக்கு வேணும்” என்று சொல்லி அந்தத் தட்டை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம். தட்டில் எதிரெதிர் மூக்கு வகைதான் பெரும்பாலும் அதிகம் சேரும். அதை மறுபடி நீளமானது, குட்டையானது என்று இரண்டாகப் பிரித்தால் நல்லது.

எந்தக் காலியிடத்தில் ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். மூன்று பக்கமும் ஏற்கெனவே துண்டு உள்ள இடத்தை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தெரிந்த இடத்தில் எது வேண்டுமானாலும் உட்காருவது போல நடிக்கும். முயன்று தோற்ற துண்டைத் திரும்பக் குவியலில் போடாமல் தட்டின் மறு ஓரத்துக்குத் தள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரே துண்டை ஒரே இடத்தில் ஐந்து தடவை வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது நான்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். ராத்திரி எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் ஒரே மஞ்சளாகத் தெரிந்த சுவர், காலை எட்டு மணிக்கு ஜன்னல் பக்கம் வைத்தபோது மூன்று மஞ்சளாகப் பிரிந்தது. மேலே வெயில் பட்ட எலுமிச்சை மஞ்சள், நடுவில் காவி கலந்தது, கீழே ஈரம் ஏறிப் பழுப்படித்தது. நாலு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்ட வேலை, அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

கடைசியில் ஒன்றைக் காணோம்

காணோம் என்று அறிவிப்பதற்கு முன் தேட வேண்டிய இடங்கள், எங்கள் வீட்டில் உண்மையில் கிடைத்த வரிசைப்படி: கேரம் பலகையின் குழியில் தொங்கும் வலை, பெட்டிக்குள் மடிந்திருக்கும் அட்டை, பாய்க்கு அடியில், யாருடைய உள்ளங்காலிலாவது (மே மாத வியர்வையில் துண்டு ஒட்டிக்கொண்டு சமையலறை வரை நடந்து போயிருக்கிறது), துவைக்கப் போட்ட சட்டைப் பை. கடைசித் துண்டை வைக்கும் பெருமைக்காக ஒன்றை முன்கூட்டியே ஒளித்து வைக்கும் ஆள் வீட்டில் இருந்தால் அவரிடமும் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அது ஐந்து வயது மகன் என்று நினைத்தோம். தாத்தா.

உண்மையிலேயே போய்விட்டது என்றால் நாமே செய்யலாம். அரை மணி நேர வேலை. காலியிடத்துக்கு அடியில் கழுவிய பால் கவரைச் செருகுங்கள். மேலே மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் குழியின் விளிம்பு அச்சாக விழும். அதை வெட்டி, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையில் ஒட்டுங்கள். ஒரு அட்டை பெரும்பாலும் மெலிசாக இருக்கும், இரண்டை ஃபெவிகால் வைத்து ஒட்டினால் கனம் சரியாக வரும். மூக்கின் கழுத்துப் பகுதியைக் கத்தரிக்கோல் கெடுத்துவிடும், நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுங்கள். வண்ணத்துக்குக் கலர் பென்சில். ஸ்கெட்ச் பேனா அட்டையில் ஊறிப் பரவும். பெட்டி மூடியில் உள்ள படத்திலிருந்து வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம், மூடிப் படம் அளவில் சிறியது, கோடு எதுவும் சேராது.

மழைக்காலத்தில் துண்டு இறுகுகிறது, வளைகிறது, மேல்தாள் பிரிகிறது

கடலோரத்தில் குடியிருக்கிறோம், ஐப்பசி கார்த்திகையில் அப்பளமே நமத்துப்போகும் ஊரில் அட்டை என்ன பாடுபடும்? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் ஃபேன் ஓடாத அந்த நாட்களில் ஜன்னலோரம் வைத்திருந்த பெட்டி ஈரத்தைக் குடித்து, துண்டெல்லாம் வடகம் போல ஓரம் தூக்கிக்கொண்டது.

அச்சடித்த மேல்தாளும் கீழே உள்ள அட்டையும் ஒரே அளவில் ஈரம் வாங்குவதில்லை. ஒன்று அதிகமாக விரியும்போது துண்டு வில்லாக வளைகிறது. ஆகவே இரண்டும் மெதுவாகக் காய வேண்டும். வெயிலில் போட்டால் படம் வெளுக்கும், வளைவும் அப்படியே நின்றுவிடும். தலைமுடி உலர்த்தும் மெஷினை நான் ஒரு தடவை காட்டிப் பார்த்தேன், மேல்தாள் கொப்பளித்துக் கிளம்பியது. செய்தித்தாள் விரித்து, துண்டுகளைக் குப்புறப் பரப்பி, மேலே இன்னொரு செய்தித்தாளும் தட்டையான பலகையும் வைத்து, ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் விடுங்கள். நடுவில் ஒரு தடவை தாளை மாற்றினால் போதும். தாள் பிரிந்த துண்டுக்குப் பல்குச்சி நுனியில் ஃபெவிகால் தொட்டு உள்ளே தடவி, பால் கவர் போர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி.

பெட்டியில் அட்டை விளிம்பு அரித்தது போல் இருந்தால் இராமபாணப் பூச்சி. அதற்குத் தாளும் பசையும் சாப்பாடு. துண்டுகளை ஜிப் வைத்த கவருக்கு மாற்றி, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை உள்ளே போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் தொடும் பெட்டியில் அந்துருண்டை வேண்டாம், விஷம். சிலிக்கா பொட்டலத்தையும் அவர்கள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெட்டி வாங்கினேன், முழுசாக இருக்கிறதா தெரியவில்லை

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பசில் பெட்டி தலைகாட்டும். 80 ரூபாய்க்கு வாங்கி வந்து ஒரு மாசம் கோத்து, நடு முகத்தில் மூக்கில்லாத ராணியைப் பார்க்க நேர்ந்தால் வயிறெரியும். சமையலறைத் தராசு போதும். 100 துண்டு எண்ணி நிறுங்கள், அப்புறம் மொத்தத்தையும் நிறுங்கள். நாங்கள் வாங்கியதில் 100 துண்டு 52 கிராம், மொத்தம் 470 கிராம். வகுத்தால் சுமார் 904. பெட்டியில் போட்டிருந்தது 1000. ஏறக்குறைய நூறு இல்லை. அதைப் பிள்ளைகளுக்குக் கைவேலைக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்றிரண்டு குறைவதை இந்தத் தராசு காட்டாது, ஒரு கிராம் முன்னே பின்னே போனாலே பத்து இருபது துண்டு வித்தியாசம் வரும்.

இரண்டு பெட்டி கலந்துபோனால் பின்பக்க அட்டையின் நிறத்தையும் கனத்தையும் வைத்துப் பிரியுங்கள். ஒரே கம்பெனிப் பெட்டிகள் என்றால் கஷ்டம். ஒரே அச்சில் வேறு வேறு படங்களை வெட்டுவதுண்டு, அப்போது ஒன்றின் துண்டு மற்றதில் கச்சிதமாகவே உட்காரும். நகச் சோதனையும் வெளிச்சச் சோதனையும் அங்கே தோற்கும். படம்தான் கதி.

துண்டில் கோளாறில்லை, ஆட்களிடம்தான்

பிள்ளை பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடுகிறது என்றால் துண்டு எண்ணிக்கை அதிகம். மூன்று நாலு வயதுக்கு 12 முதல் 24, ஆறேழு வயதுக்கு 100 போதும். பெரியவர்களின் 1000-இல் சேர ஆசைப்பட்டால் ஒரு பொருளை மட்டும் எழுதி வைத்துவிடுங்கள்: “சிவப்புக் குடை உன்னுது.” குடைத் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுத் தந்தால் அது முடியும்வரை நகராது.

பாட்டிக்குப் படம் தலைகீழாகத் தெரிகிறது என்பது பலர் கவனிக்காத கோளாறு. எல்லோரும் ஒரு பக்கம் உட்கார முடியாது, எதிரே உட்கார்கிறவர் வாய்பேசாமல் சலித்துப்போவார். கேரம் பலகையில் ஒரு சௌகரியம், அரை மணிக்கு ஒரு தடவை அப்படியே சுற்றிவிடலாம். “ஆயா பக்கம் திருப்பு” என்று மகள் கத்துவது எங்கள் வீட்டு மணி.

ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார், ராத்திரி மற்றவர்கள் தூங்கியபின் வேலை நடக்கிறது என்றால் எனக்கு மருந்து தெரியாது. ஸ்பெயினில் வல்லதோலித் நகரத்தில் 2019 முதல் உலகப் போட்டியே நடக்கிறது, தனி ஆளாக 500 துண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குத் தனிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

முடிந்த ஒவ்வொரு பசிலுக்கும் மகள் ஒரு நோட்டில் மார்க் போடுகிறாள். நாலு கட்டம்: வெட்டு, அட்டை, படம், சண்டை. வெட்டு என்றால் பொய்ப் பொருத்தம் எத்தனை. அட்டை என்றால் கனம், பெட்டியில் கொட்டிக் கிடக்கும் தூள், வழவழப்பில் டியூப்லைட் கண்ணைக் கூசுகிறதா என்பது. சண்டையில் அதிக மார்க் வாங்கியதைத்தான் மறுபடி எடுக்கிறோம், ஏனென்று இன்னும் புரியவில்லை. மஞ்சள் சுவருக்கு அதில் பத்துக்குப் பத்து.

விருந்தாளி வருகிறார்கள், இடம் வேண்டும்

கேரம் பலகையின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். 1000 துண்டு பசில் பெரும்பாலும் 70-க்கு 50 என்பதால் அளவெடுத்ததுபோல் உட்காரும், சுற்றியுள்ள கட்டை துண்டைக் கீழே விழவிடாது. அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். முன்னால் இரண்டு வேலை: நாலு குழியையும் துணியால் அடையுங்கள், பழைய பவுடரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பவுடர் இருந்தால் கோத்த பகுதி பலகையைச் சாய்த்ததுமே வழுக்கி ஒரு மூலையில் போய்க் குவியும். பலகை இல்லாதவர்கள் ஜமுக்காளத்தில் கோத்து, நடுவில் அகலமான குழாயை வைத்துச் சுருட்டலாம். சின்னக் குழாயாக இருந்தால் மூக்கெல்லாம் கழன்றுவிடும்.

முடித்தாயிற்று, ஒட்டினால் வளைகிறது

ஃபெவிகாலை அப்படியே ஊற்றுவதால் வரும் வினை. கொஞ்சம் தண்ணீர் விட்டு, அட்டைத் துண்டால் மெல்லிசாக இழுங்கள், அடியில் பட்டர் பேப்பர் இருக்கட்டும். வெள்ளை மறைந்து கண்ணாடி போல ஆனதும் ஓரங்களில் எடை வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

ஒட்டாமல் பிரிக்கிறவர்கள், ஓரத் துண்டை மட்டும் தனிக் கவரில் போடுங்கள். அடுத்து எடுக்கும்போது ஒரு சாயந்திரம் மிச்சம். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் பெட்டி எண்ணைக் குறித்துவிட்டால் கலக்கும் பயமும் இல்லை, 1000 துண்டுக்கு எழுத ஆள் கிடைத்தால். தொலைந்ததை மூடியின் உள்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். எங்களிடம் இருக்கும் படகுத்துறைப் பெட்டியில் மகள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “மேலே இடது பக்கம் மேகத்தில் ஒன்று இல்லை. நாங்கள் செய்தது இருக்கிறது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அமுக்கவும்.”